நிமிஷத்துக்கு நூற்றெண்பது இடி வாங்கும் காதுகள்

காது பரிசோதனைக்குத் தானாக வருகிறவர்கள் குறைவு. வீட்டில் யாராவது துரத்திவிட்டதால் வருகிறவர்கள்தான் அதிகம். டிவியை அலற வைக்கிறார், நாலு தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறார் என்று யாரோ புகார் சொல்லியிருப்பார்கள். அந்தக் கோபத்தோடு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து முறைப்பார்கள். பல் டாக்டரிடம் வேலை பார்த்தாலும் சரி, பாஸ்போர்ட் கவுண்டரில் இருந்தாலும் சரி, மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்கு அந்த முறைப்பு பழக்கமாகியிருக்கும்.

என் பெயர் ஜெசிந்தா. பெங்களூர் அடுகோடியில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் என் கிளினிக். நான் மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை, ஆடியாலஜிஸ்ட். எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பேன், தேவைப்பட்டால் காது மெஷின் பொருத்துவேன். வாசலில் மேஜை போட்டு நசீமா உட்கார்ந்திருப்பாள். பல வருஷமாக எங்களிடம் வந்தவர்கள் வயதானவர்களும், பேச்சு வரத் தாமதமான குழந்தைகளும்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு புது மாதிரி ஆட்கள் படியேறி வந்தார்கள்.

கல்லறைப் பாட்டு

முதலில் வந்தவன் விக்னேஷ். ஆம்பூர்க்காரன், எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். பக்கவாட்டில் ஒட்ட வழித்த தலை, கழுத்து வரை ஜிப் போட்ட ட்ராக் சூட். வீட்டில் யாரும் துரத்தாமல் தானாகவே வந்தான். காதுக்கு அளவெடுத்துச் செய்கிற அடைப்பான் வேண்டும் என்றான். எங்கள் படிவத்தில் ‘எந்த வகைச் சத்தத்தில் இருக்கிறீர்கள்’ என்று ஒரு கேள்வி உண்டு. நசீமா கேட்டாள். “கபர்” என்றான். அவள் பேனாவை வைத்துவிட்டாள். நசீமா வீட்டில் பேசுவது தக்கனி. அதில் கபர் என்றால் புதைகுழி. “இடுகாட்டுலயா வேல பாக்குறீங்க?” என்றாள், மரியாதையாகவே.

அது நெதர்லாந்தில் பிறந்த ஒரு பாட்டு வகை, டெக்னோ என்கிற எலெக்ட்ரானிக் டான்ஸ் இசையிலேயே ரொம்ப முரடானது, நிமிஷத்துக்கு நூற்றெண்பது அடி வரை போகும், டிரம் சத்தம் வேண்டுமென்றே கிழிந்து கேட்கும் என்று அவன் பொறுமையாக விளக்கினான். பெங்களூரில் அதைக் கேட்கிறவர்கள் நாற்பது பேர்போல் இருக்கிறார்களாம். போனில் கொஞ்சம் போட்டுக் காட்டினான். நசீமா பத்து விநாடி கேட்டாள். போனை இரண்டு கையாலும் பிடித்து அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். “நான் சொன்னதுதான் சரி. இதப் போட்டா செத்தவங்களே எழுந்து வந்து, ‘கொஞ்சம் கம்மி பண்ணுங்கப்பா, தூங்கணும்’னு சொல்லுவாங்க.”

அச்சு கெட்டுப்போன காரணம்

அடைப்பான் செய்ய முதலில் காதுக்குள் பஞ்சு வைத்து, மாவு மாதிரி ஒரு பசையை ஊசிக்குழாயால் செலுத்த வேண்டும். அது இறுக ஐந்து நிமிஷம் ஆகும். அதுவரை தாடையை அசைக்கக் கூடாது. அசைத்தால் அச்சு கெட்டுப்போகும். விக்னேஷிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். பேசாமல்தான் உட்கார்ந்திருந்தான். எடுத்துப் பார்த்தால் அச்சு கோணல். இரண்டாவது தடவையும் கோணல். மூன்றாவது தடவை எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முகத்தையே பார்த்தேன். வாய் மூடியிருந்தது. ஆனால் உள்ளே பல் பல்லோடு மோதிக்கொண்டிருந்தது, தையல் மெஷின் ஓடுகிற வேகத்தில்.

“தம்பி, பல்லால தாளம் போடாதீங்க” என்றேன். அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான். “நான் போடல மேடம், அதுவா ஓடுது. வெளிய ஓடுறத ஆஃப் பண்ணலாம், உள்ள ஓடுறத எங்க போய் ஆஃப் பண்றது?”

சுமா அழுத்திய பொத்தான்

விக்னேஷ் சொல்லி இரண்டே மாதத்தில் பதினாலு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி சுமா. கன்னடக்காரி, ஆடிட்டர் ஆபீசில் வேலை, தெளிவாகத் தமிழ் பேசுவாள். அடைப்பான் செய்யுமுன் எல்லோருக்கும் ஒரு சோதனை செய்துவிடுவேன். சத்தம் புகாத கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்ஃபோனில் சின்னச் சின்ன விசில் சத்தம் அனுப்புவேன். கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். சுமா அழுத்தினாள். நான் அனுப்பும்போதும் அழுத்தினாள், அனுப்பாதபோதும் அழுத்தினாள். விளையாடுகிறாளோ என்று முதலில் நினைத்தேன். ஒரு நிமிஷம் எதுவுமே அனுப்பாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது.

கதவைத் திறந்து, “இப்ப என்ன கேக்குது?” என்றேன். “விசில் மேடம். நிக்கவே இல்லையே.” எவ்வளவு நாளாக என்றதற்கு, இரண்டு வருஷமாக என்றாள். ரூமில் ஃபேன் நின்றால் கேட்குமாம், ஆபீசில் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு கேட்குமாம். அது வெளியிலிருந்து வருகிற சத்தம் இல்லை, அடிபட்ட காது தானாக எழுப்புகிற சத்தம் என்று சொன்னேன். அதைச் சொல்வதற்கு நல்ல விதம் என்று ஒன்று இருந்தால் எனக்கு இன்னும் தெரியாது. காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அடைப்பான் போட்டால் மேலே கெடாமல் இருக்கும், ஆனால் இப்போது இருக்கிற விசில் போகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். படியிறங்கப் போனவள் திரும்பி வந்து கேட்டாள். “ஹௌதா, அப்படியா மேடம்? அமைதின்னா எல்லாருக்கும் இந்தச் சத்தம்தான்னு நெனச்சேனே.”

ஞாயிறு மதியம், லேத் பட்டறையில்

சுமா போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவர்கள் எந்த அளவு சத்தத்தில் நிற்கிறார்கள் என்று தெரியாமல் அடைப்பான் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். விக்னேஷிடம் கேட்டதற்கு, “நேர்ல வந்து பாருங்க மேடம்” என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, சத்தம் அளக்கிற மீட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் கிளினிக்குக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு லேத் பட்டறை. லேத்துகளைத் தார்ப்பாயால் மூடி ஓரம் தள்ளியிருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு ஆட ஆரம்பித்தார்கள்.

அந்த ஆட்டத்தில் ஜோடி கிடையாது. உடம்பு நிமிர்ந்து நிற்கும், முழங்காலுக்குக் கீழேதான் எல்லாம். சுடுகிற தரையில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள் மாதிரி உதைத்துக்கொண்டே இருப்பார்கள். யாரும் யார்மேலும் இடிக்கவில்லை. ஓரத்தில் ஒரு டிரம்மில் எலுமிச்சை ஜூஸ். ஸ்பீக்கர் பக்கத்தில் என் மீட்டர் நூற்றேழு டெசிபல் காட்டியது. நான் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து, ஸ்பீக்கரிலிருந்து பத்தடி தள்ளித் தரையில் கோடு போட்டேன். அதைத் தாண்டக் கூடாது என்று சைகையிலேயே சொன்னேன். சண்டைக்கு வருவார்கள் என்று பார்த்தால், எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கோட்டுக்குப் பின்னால் நகர்ந்து அதே வேகத்தில் உதைத்தார்கள்.

இடைவேளையில் கீதா என்று ஒரு தர்மபுரிப் பெண் எனக்கு ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் பி.ஜி.யில் தங்கி, கால் சென்டரில் வேலை பார்க்கிறாள். “இதுல அப்படி என்னம்மா இருக்கு?” என்று கேட்டேன். அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். “வாரத்துல ஆறு நாளு கஸ்டமருங்க கத்துறாங்க மேடம், நான் சிரிச்ச மாதிரியே பேசணும். இங்க ஸ்பீக்கரு கத்துது, ஆனா நான் சிரிக்கத் தேவையில்ல.”

மஞ்சுநாத் கேட்டது

பட்டறைக்காரர் பெயர் மஞ்சுநாத். அன்றைக்கு நான் உள்ளே நுழைந்தபோது ஸ்பீக்கருக்கு நேர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அடைப்பான் ஒன்றும் இல்லாமல், கன்னடப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாட்டு நின்ற நேரத்தில் அவரிடம், “உங்களுக்கு இந்தச் சத்தம் தொந்தரவா இல்லையா?” என்று கேட்டேன். என் உதட்டைப் பார்த்துவிட்டு, “மூணு பேரு வேல செய்றாங்க, இன்னிக்கு லீவு” என்றார்.

விக்னேஷும் சுமாவும்தான் அவரைப் பேசிப் பேசிக் கிளினிக்குக்குக் கூட்டிவந்தார்கள். முப்பது வருஷம் கிரைண்டிங் மெஷின் பக்கத்தில் நின்றவர். இரண்டு காதிலும் பாதிக்கு மேல் போயிருந்தது. “எனக்குக் கேக்கலன்னு நான் எப்ப சொன்னேன்?” என்று என்னிடம் சண்டை போட்டார். ஆனாலும் காது மெஷின் மாட்டிப் பார்க்கச் சம்மதித்தார். மாட்டியதும் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். ஃபேன் சத்தம் கேட்டிருக்கிறது. பிறகு கீழே பேக்கரியில் யாரோ டீ கிளாஸ்களைக் கழுவுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் யாரும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

பட்டறைச் சத்தத்தில் இதைப் போடக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். அடுத்த ஞாயிறு போட்டுக்கொண்டே போய் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். விக்னேஷ் பாட்டை ஆரம்பித்தான். மஞ்சுநாத் எழுந்து வெளியே ஓடி, மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து விக்னேஷின் தோளில் கை வைத்தாராம். “அல்லப்பா, இவ்வளவு நாளா என் ஷெட்டுல இதையா போட்டுக்கிட்டு இருந்தீங்க?”

இடது காது

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை நான் கிளினிக் திறக்கப் போனபோது, விக்னேஷ் படியில் உட்கார்ந்திருந்தான். இடது காது அடைத்துக்கொண்டு, உள்ளே கொய்யென்று இரைகிறது, நேற்று சாயங்காலத்திலிருந்து என்றான். அடைப்பான் போட்டிருந்தாயா என்றேன். வலது காதில் மட்டும் போட்டிருந்தானாம். பட்டறையில் பாட்டுப் போடுகிற டிஜே அவன்தான், அடுத்த பாட்டைத் தயார் செய்ய ஒரு காதில் ஹெட்ஃபோன் வைத்துக் கேட்க வேண்டும். அதற்காக இடது காதில் கழற்றிவிடுவானாம். ஸ்பீக்கர் சத்தத்தை மீறிக் கேட்க ஹெட்ஃபோன் சத்தத்தையும் முழுசாக வைத்திருக்கிறான், நாலு மணி நேரம். அடைப்பான் செய்து கொடுத்தபோது இதை நான் விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை. அது என் தப்பு.

சோதனை வரைபடத்தில் இடது காதின் கோடு சரிந்து கிடந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டான். உடனே காது டாக்டருக்குப் போன் செய்து, நசீமாவைக் கூட அனுப்பி, ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். மாத்திரை, இரண்டு வாரம் முழு அமைதி, பிறகு மறுபடி சோதனை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்து ஆம்பூரிலிருந்து வந்திருந்த அம்மாவோடு வந்தான். அவனைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்தேன். சின்னச் சத்தத்துக்கு அவன் விரல் அழுத்தியது. அதைவிடச் சின்னச் சத்தத்துக்கும் அழுத்தியது. பேச்சு கேட்கிற அளவெல்லாம் திரும்பியிருந்தது. உயர்ந்த சுருதியில் மட்டும் ஒரு பள்ளம் அப்படியே நின்றது. போனது வராது, இன்னொரு தடவை இப்படிச் செய்தால் இன்னும் போகும் என்று அவனிடம் ஒளிக்காமல் சொன்னேன். “அப்ப நான் போடவே கூடாதா?” என்றான். ஹெட்ஃபோனுக்குப் பதிலாக, இரண்டு காதையும் மூடி உள்ளேயே பாட்டு கேட்கிற மாதிரி அச்சு செய்யலாம், ஆனால் ஆறு மாதம் போகட்டும் என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பினார். பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள் என்று கேட்கப்போகிறார், நான் என்ன சொல்வது என்று எனக்குள் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அவர் மகனிடம், அப்படி என்ன பாட்டு, எனக்கும் போடு என்றார். அவன் தயங்கித் தயங்கிப் போனில் சத்தத்தைக் குறைத்துப் போட்டான். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஷூ கம்பெனில தோலு தைக்கிற மெஷினு இப்டிதான்மா அடிக்கும். இவன வயித்துல வெச்சிக்கினு எட்டாம் மாசம் வரிக்கும் அதுலதான் ஒக்காந்திருந்தேன், இவனுக்கு வேற எது புடிக்கும்?”

ஆறு மாதம் விக்னேஷ் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்றான். இப்போது மாதம் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம் மட்டும், இரண்டு காதையும் மூடிக்கொண்டு பாட்டுப் போடுகிறான். மீட்டரைச் சுமா வைத்திருக்கிறாள். தொண்ணூற்றைந்தைத் தாண்டினால் யார் கெஞ்சினாலும் குறைத்துவிடுவாளாம்.

எவ்வளவு கேட்கிறது என்று அளக்க என்னிடம் நல்ல மெஷின் இருக்கிறது, சொன்னதைக் கேட்பார்களா என்று அளக்கத்தான் இன்னும் யாரும் ஒன்றும் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை.