தொட்டிச் சுவருக்குள் இருந்த பச்சை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தாராவியில் எங்கள் சந்துக்கே அது தெரியும்.

சந்துக்குப் பொதுவான தண்ணீர்த் தொட்டியைப் புதிதாகக் கட்டியிருந்தோம். பழைய தொட்டியின் கம்பிகளை மண்ணில் ஊறும் உப்புத் தண்ணீர் தின்றுவிட்டது. நான் கோவண்டியில் கான்கிரீட் கலந்து அனுப்பும் பிளாண்டில், லேபில் வேலை பார்க்கிறேன். இரும்பாலைக்காரன் குப்பையென்று ஒதுக்கும் கசடை மாவாய் அரைத்துச் சிமெண்டோடு சேர்த்தால் உப்பு லேசில் உள்ளே இறங்காது என்று படித்துப் படித்துச் சொல்லி, அந்தக் கலவையையே போடவைத்தேன்.

ஏழாம் நாள் பிளம்பர் குழாய்க்காகச் சுவரைக் கொத்தினார். உள்ளே ஒரே பச்சை! தொட்டியை ஒட்டினாற்போல இருப்பது என் வாப்பாவின் சாயப்பட்டறை. கேட்கணுமா? "சாயத் தண்ணி இறங்கிருச்சு! இதையா பிள்ளைங்க குடிக்கும்? தோடோ, உடைங்க, பட்டறையையும் மூடுங்க!" என்று சந்துக்காரர்கள் தமிழிலும் இந்தியிலும் கத்தினார்கள். "வாயிருக்குன்னு கண்டதையும் பேசாதீங்க!" என்று நான் பாய்ந்தேன். வாப்பாவோ தலையைக் குனிந்துகொண்டு, "கான்கிரீட் போட்ட அன்னைக்கு ஒரு அண்டா கவிழ்ந்துச்சு புள்ள. என் சாயமாத்தான் இருக்கும்" என்றார். அந்தக் கசடை நானும் அப்போதுதான் முதன்முதலாகக் கையாள்கிறேன். சாயமா, கலவையா என்று பார்த்துவிட ஒரு வழி இருந்தது.

அதே கலவையில் வார்த்த சோதனைக் கட்டிகள் எங்கள் லேபில் தண்ணீருக்குள் கிடந்தன. வாப்பாவின் சாயம் எட்டாத இடம். மறுநாள் காலை அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். மிஷினில் ஒரு கட்டியை வைத்து அழுத்தினேன். முள் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. ஏழு நாளில் இவ்வளவு போதும் என்று நாங்கள் நினைத்ததைத் தாண்டிய பிறகுதான் டமாரென்று உடைந்தது.

உள்ளே பச்சை. யம்மா, என்ன பச்சை! ஓரத்தில் சாம்பல், நடுவில் மயில்கழுத்து. யாரும் எதையும் ஊற்றாமல், வேண்டாமென்று ஒதுக்கிய குப்பை தானே போட்டுக்கொண்ட நிறம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்து, "இந்தக் கசடோட குணமே அதான். தண்ணிக்கு ஒண்ணும் ஆகாது. காத்துப் பட்டா ரெண்டு மூணு நாள்ல பச்சை போயிரும்" என்றாள்.

வாப்பா பாதிக் கட்டியைக் கையில் எடுத்தார். நாற்பது வருஷச் சாயம் ஏறிய விரலால் தடவினார்.

"இந்தக் கலர் எங்கிட்ட கிடையாது புள்ள" என்றார். பிறகு, "நான் இல்ல, நான் இல்ல" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கண்ணைக்கூடத் துடைக்காமல் தோளில் கிடந்த துண்டில் கட்டியை இறுக்கிச் சுற்றினார். "இது சாம்பலாகுறதுக்குள்ள சந்துக்குப் போகணும், சீக்கிரம் ஆட்டோவக் கூப்பிடு!"