லாரிகளுக்கு நடுவே நின்றவள்

குதிரைமேல் ஏறும்போதெல்லாம் எனக்குப் பயம்தான். இன்றைக்கும் அப்படித்தான்.

என் புருஷன் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரையை வாடகைக்கு விடுகிறவர். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஒரு பழுப்புப் பெண்குதிரை இருக்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதற்குக் கொள்ளு ஊற வைப்பதும் லத்தி அள்ளுவதும் நான்தான். ஆனால் அதன்மேல் ஏறுவதை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவர் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு அவர் கட்டிலில் கிடக்க, கட்டிப்போட்ட குதிரை கொட்டகைத் தகரத்தை உதைக்கத் தொடங்கியது. அதன் கால்கள் வீங்கின. தினமும் ஓட்டாவிட்டால் வீக்கம் அடங்காது என்றார்.

"வேற ஆள வச்சி ஓட்டலாமே?" என்றேன்.

"தெரியாத ஆள ஏத்தாதுமே அது. உன் கையாலதான துன்னுது? நீ குந்து, சும்மா கீதா இல்லையா பாரு."

தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு அவர் கத்தக் கத்த, சுடிதாரும் நடுக்கமுமாக நான் பழகினேன். மேலே உட்கார்ந்ததும் எனக்கு மூச்சு நின்றுவிடும். உடனே என் தொடைக்கடியில் குதிரையின் உடம்பும் கட்டை போல இறுகிவிடும்.

"நீ மூச்ச புட்ச்சிகினா அதும் பயந்துக்கும். எதுனா பேசு அதுங்கிட்ட!"

பேசினேன். இன்றைக்கு என்ன குழம்பு, தண்ணி லாரி வந்ததா இல்லையா, நாத்தனார் என்ன சொன்னாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பேசினால் மூச்சு வந்தது. அது ஒரு காதை என் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டே நடந்தது. பயம் போகவில்லை. பயத்தோடு பீச் வரை போய் வருமளவுக்குத் தேறினேன்.

அப்படி ஒரு காலையில் திருவொற்றியூர்ப் பக்கம் கடலோரச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். வலது பக்கம் கரையில் கொட்டிய பாறைகள். இடது பக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்துக்கிடந்த கண்டெய்னர் லாரிகளின் வரிசை. நடுவே எங்களுக்கு இருந்தது கொஞ்சம் இடம்தான். ஒரு லாரியைத் தாண்டும்போது பிரேக்கிலிருந்து காற்று 'புஸ்'ஸென்று சீறியது. குதிரை பாறைப் பக்கம் துள்ளியது. நான் லாரிப் பக்கம் விழுந்தேன்.

விழுந்தது பெரிதில்லை. என் இடது கால், சேணத்திலிருந்து தொங்கும் இரும்பு வளையத்துக்குள் சிக்கிக்கொண்டது. காலை மேலே மாட்டித் தலையைத் தரையில் போட்டதுபோலக் கிடந்தேன். குதிரை நகர்ந்தது. என் முதுகு ஜல்லியில் தேய்ந்தது. ஓடினால் அந்த வளையம் என்னையும் சேர்த்து எண்ணூர் வரை இழுத்துக்கொண்டு போகும். முகத்துக்குப் பக்கத்தில் லாரிச் சக்கரம். அதற்குமேல் நான் எதையும் யோசிக்கவில்லை. கத்த வாயைத் திறந்தேன். கடைசியில் "வேணாம்மா" என்று மட்டும் காற்றாக வெளியே வந்தது.

அது நின்றது.

பின்னால் யாரோ ஹாரனை விடாமல் அடித்தார்கள். முன்னால் லாரிகள் ஒவ்வொன்றாக உறுமிக் கிளம்பின. குதிரையின் வயிறு என் கண்ணுக்கு மேலே இருந்தது. அதன் தோல் முழுக்க அலை அலையாக நடுங்கியது. வியர்வை என் கன்னத்தில் சொட்டியது. ஓடுவதற்கு அதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. நாலு காலையும் ஊன்றி நின்றது.

மீன் கூடையோடு வந்த ஒரு அம்மா கூடையை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணாத்த, வண்டிய எடுத்துறாதய்யா! கீய பொம்பள கீது!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார். பிறகு குதிரையிடம், "தோ, தோ, ஆயிடுச்சி கண்ணு, அசையாத" என்று சொல்லிக்கொண்டே வளையத்திலிருந்து என் காலை உருவினார்.

நான் எழுந்தேன். குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன், அழுவதற்காக அல்ல, விழாமலிருக்க. அதன் இதயம் என் காதில் அடித்தது. என்னுடையதைவிட வேகமாக.

"ஆஸ்பத்திரிக்குப் போறியா?" என்றார் அந்த அம்மா.

"வூட்டுக்குப் போறேன்க்கா."

ஏறவில்லை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு லாரியைத் தாண்டும்போதும் அது தலையை என் தோளோடு அழுத்தியது. நானும் என் தோளை அதற்குக் கொடுத்தேன். இரண்டு பேரும் அப்படியே தண்டையார்பேட்டை வந்து சேர்ந்தோம்.

என் முதுகைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "இனிமே நீ ஏற வேணாம். கால் வீங்குனா வீங்கட்டும், வித்துரலாம் அத்த" என்றார்.

"வித்துப்பாரு," என்றேன். அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை.

காயம் ஆறியதும் மறுபடி ஏறினேன். வளையத்தில் பாதத்தின் முன்பாதியை மட்டும் வைக்கக் கற்றுக்கொண்டேன். அவர் கால் சரியாகி ஊர்வலங்களுக்குப் போகத் தொடங்கிய பிறகும் காலை ஓட்டத்தை நான் விட்டுத்தரவில்லை. தைரியசாலி ஆகிவிட்டதால் இல்லை. அந்த லாரிச் சாலைக்கு வந்ததும் என் கை இன்னமும் வேர்க்கிறது, அதன் தோல் இன்னமும் சிலிர்க்கிறது. அதற்கும் பயம் என்பது எனக்குத் தெரியும், எனக்கும் பயம் என்பது அதற்குத் தெரியும். அவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு அன்றைக்கு அது எனக்காக நின்றது. அதற்கு ஈடாக நான் என்ன செய்துவிட முடியும்? ஒவ்வொரு காலையும் அதன் நெற்றியைத் தடவிவிட்டு, மூச்சை விட்டு, ஏறி உட்காருகிறேன்.