காட்டுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?

தேசியப் பூங்காவின் வாசலில் நுழைவுச்சீட்டு கொடுப்பவளை எல்லோரும் டிக்கெட்டக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு வைத்த பெயரைச் சொல்லி அழைத்தால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அவள் உட்காரும் அறையின் கண்ணாடியில் ஒரு கை நுழையுமளவுக்கு ஓட்டை உண்டு. "எத்தனை பேரு?" என்று கேட்கும்போதே வலது கை அதன் வழியே வெளியே வந்து விரிந்துவிடும். பல வருடப் பழக்கம்.

அவள் கணவர் அதே காட்டில் தற்காலிகக் காவலர். சுற்றுலா ஜீப்புகள் போகாத மறுபக்கத்தில் ஓடையோரமாக ஒரு காவல் முகாம் இருந்தது. மரம் வெட்டுகிறவர்களும் கண்ணி வைக்கிறவர்களும் அந்த வழியாகத்தான் நுழைவார்கள். மாதத்தில் பாதி நாள் அவர் அங்கே, மீதி நாள் வீட்டில். இனி அந்த முகாமுக்குப் பணமில்லை என்று அலுவலகம் சொல்லிவிட்டது. டிக்கெட்டோடு காட்டுப் பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு தொகை வாங்கினால்தான் முகாம் தொடரும். எவ்வளவு வாங்கலாம் என்பதை வருகிறவர்களிடமே கேட்டுவிடலாம் என்று ஓர் ஆய்வாளரை வரவழைத்தார்கள். கேட்கும் வேலை டிக்கெட்டக்காவின் தலையில் விழுந்தது.

"நல்லாக் கேளு," என்றார் கணவர், பூட்ஸைத் துடைத்துக்கொண்டே. "என் பொழப்பு உன் வாய்லதான் இருக்கு."

"என் வாயைத் தொறந்தாலே சண்டைன்னு சொல்வீங்களே?"

"அதையே அவங்ககிட்டயும் காட்டு. பயந்து குடுத்துடுவாங்க."

சிரித்தார்கள். வேலை போனால் நகரத்தில் ஏதாவதோர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவதுதான் அவருக்கு மிச்சம் என்பது இருவருக்கும் தெரியும்.

ஆய்வாளர் இளம்பெண், பொறுமைசாலி. சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் காட்டைக் காக்க எவ்வளவு கொடுப்பீர்கள் என்ற ஒரே கேள்வி கேட்க வேண்டும், யாரையும் வற்புறுத்தக் கூடாது, சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு வேறு வாசலுக்குப் போய்விட்டாள்.

முதல் வாரம் பதில்கள் சிறுத்தே வந்தன. ஒரு டீக்கு ஆகும் காசு என்றார் ஒருவர். "ஒரு மானைக்கூடக் காணோம், நீங்கதான் எங்களுக்குத் திருப்பித் தரணும்," என்றார் இன்னொருவர். காட்டின் அழகைப் பற்றி நின்று நிதானமாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவருக்குக் கேள்வி வந்ததும் கைப்பேசி அழைத்துவிட்டது. டிக்கெட்டக்காவுக்கு மணிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை.

வாரக் கடைசியில் ஆய்வாளர் வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள். சற்று நேரத்தில் சிரித்துவிட்டாள்.

"அக்கா, கை!"

"கைக்கு என்ன?"

"கேக்கும்போதே கையை நீட்டறீங்க. இப்பவே வசூல் பண்றீங்கன்னு நினைச்சுக்கறாங்க."

டிக்கெட்டக்கா குனிந்து பார்த்தாள். கை விரிந்துதான் இருந்தது. "அட ஆண்டவா! அதான் ரெண்டு பேரு சில்லறையை வச்சுட்டுப் போனாங்களா? பின்னாலயே ஓடித் திருப்பிக் குடுத்தேனே!"

அடுத்த வாரம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டாள். வாசல் அதேதான், கேள்வியும் அதேதான். டீக்காசு சாப்பாட்டுக் காசாயிற்று. யானையைப் பார்த்துவிட்டு வந்த ஒரு தகப்பன், பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, "எவ்வளவு வேணா குடுக்கலாங்க," என்றார்.

"இது போதும்க்கா," என்றாள் ஆய்வாளர் கணக்குப் போட்டுவிட்டு. "வருஷம் முழுக்க முகாம் நடத்தலாம்."

டிக்கெட்டக்கா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தொகையைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தானே கேட்கப்போவதை நினைத்துப் பார்த்தாள். குடும்பத்தோடு வந்து விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகும் முகங்கள் அவளுக்குப் பழக்கமானவை.

"கை நீட்டினப்ப சொன்னாங்களே, அதுதாம்மா நிஜமா குடுப்பாங்க," என்றாள்.

இதை நேர்மை என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. வாசலில் நடக்கப்போகும் சண்டைகளுக்குப் பயந்தாள் என்பதே அதிகம் பொருந்தும். முதல் வாரத்தார் கஞ்சர்கள் என்றோ இரண்டாம் வாரத்தார் பொய்யர்கள் என்றோ சொல்லிவிடவும் முடியாது. முன்னவர்கள் பையைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார்கள். மற்றவர்கள் தாங்கள் எப்படிப்பட்டவர்களாக இருக்க விரும்பினார்களோ அதைச் சொன்னார்கள்.

ஆய்வாளருக்கு இது புதிதல்ல. "சொல்றதுக்கும் குடுக்கறதுக்கும் எல்லா ஊர்லயும் இடைவெளி உண்டுக்கா. அதனாலதான் முதல் வாரத்தை நான் தூக்கிப் போடலை. ரெண்டையும் ஆபீஸ்ல குடுக்கறேன், நீங்க இப்பச் சொன்னதையும் சேத்து."

அலுவலகம் இரண்டையும் பார்த்துவிட்டுச் சிறிய தொகையை ஒட்டியே கட்டணம் வைத்தது. அது கோடை மாதங்களுக்கு மட்டும் போதும். மழைக்காலத்தில் முகாமைப் பூட்டிவிடுவது என்று ஆயிற்று.

"நீ சும்மா இருந்திருந்தா வருஷம் பூரா வேலை," என்றார் கணவர். அன்று அவர் சிரிக்கவில்லை.

"அவ்வளவு கேட்டா கூட்டமே வராது. அப்புறம் கோடைக்கும் கிடைச்சிருக்காது."

"அது உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

அவள் யோசித்தாள். "தெரியாது."

புதுக் கட்டணம் பெரிய தகராறில்லாமல் நடந்தது. ஒரே ஒருவர் மட்டும், "காட்டுப் பாதுகாப்புன்னு வாங்கறீங்களே, யாருக்குப் போகுது இது?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரருக்கு," என்றாள்.

அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே போனார்.

மழை தொடங்கியதும் முகாம் பூட்டப்பட்டது. கணவர் நகரத்துக் குடியிருப்பு வாசலில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு விடுமுறை நாளில், யாரும் சொல்லாமலே, அனுமதி வாங்கிக்கொண்டு ஓடைப் பக்கம் போய்விட்டு மாலையில் சொட்டச் சொட்ட வந்தார். அவள் துண்டை நீட்டினாள்.

"ஓடையோரம் பெரிய மரமெல்லாம் போச்சு," என்றார். "வெட்டின இடம் இன்னும் காயவே இல்லை."

"ஆபீஸ்ல சொன்னீங்களா?"

"சொல்லிட்டுத்தான் வரேன். அடுத்த சீசன்ல கட்டணத்தை ஏத்தலாமான்னு ஜனங்ககிட்ட மறுபடி கேக்கணுமாம். உன்னையே கேக்கச் சொல்லுவாங்க."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். அவள் பூட்ஸ்களை எடுத்து, உள்ளே நின்ற தண்ணீரை வாசலில் கொட்டினாள்.

"கேக்கறேன்," என்றாள்.