கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே முப்பத்தொரு தங்கக் குழிகள்

போன வாரம் ஒரு தம்பி பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்: "கும்மிடிப்பூண்டிப் பக்கம் அந்தக் காலத்தில் தங்கம் தேடினார்களாமே, ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா, எவ்வளவு செலவாகும்?" வரலாம். ஆனால் ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வாளியும் சல்லடையுமாகக் கிளம்பிவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியும். நான் போன கதையைச் சொல்கிறேன். வழி, தூரம், செலவு எல்லாம் அதிலேயே வரும்.

இரண்டு தடவை போனேன். முதல் தடவை மார்கழியில், இரண்டாவது பங்குனியில். அதற்கு அடுத்த வருடம்தான் நயா பைசா வந்தது, அதனால் செலவெல்லாம் அணாக் கணக்கு. எனக்கு இருபத்து நாலு வயது. நிலவியல் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு சின்னத் தனியார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சத்தியவேடு மலைப் பக்கமிருந்து வரும் ஓர் ஓடைக்கரையில் பழைய குழிகளும் கூழாங்கல் குவியல்களும் இருந்தன. மூன்று தலைமுறைக்கு முன்பு அங்கே மணலை அலசித் தங்கம் எடுத்தார்களாம். மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் மார்கழியில் என்னை அனுப்பினார்கள்.

முப்பத்தொரு குழி வெட்டினோம். ஒவ்வொரு குழியிலிருந்தும் மண் எடுத்து, மரவையில், அதாவது மரத்தால் குடைந்த அகலத் தட்டில் போட்டு ஓடைத் தண்ணீரில் சுழற்றினால் லேசான மண் போய்விடும், கனமானது அடியில் தங்கும். முப்பத்தொரு குழியிலும் தங்கம் தங்கியது. கடுகில் கால்வாசி, அவ்வளவுதான், ஆனால் ஒன்றுகூடத் தவறவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. தங்கம் தாங்கிய சரளை அடுக்கு கிழக்கே சாய்ந்து, நாற்பது குடிசைகளுக்கு அடியில் போகிறது என்று அழகாகப் படம் வரைந்து அறிக்கை கொடுத்தேன். முதலாளி என் முதுகில் தட்டினார். குடிசைகள் இருந்தது புறம்போக்கு. பங்குனியில் ஒரு திங்கட்கிழமைக்குள் எல்லாரும் காலி செய்யவேண்டும் என்று உத்தரவு போயிற்று.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளி மாலை, என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த கல்லை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். களிக்கல், அதன்மேல் ஓர் இலையின் அச்சு. நரம்புகூட அறுந்திருக்கவில்லை. மார்கழியில் ஆசையாக எடுத்து வந்தது. எந்தக் குழியில் கிடைத்தது என்று குறிப்பேட்டைப் புரட்டினேன். பதினோராம் குழி. பக்கத்திலேயே என் கையெழுத்து: தங்கம், ஒரு துகள்.

இலை கிழியாமல் படிந்திருக்கிறது என்றால் அங்கே தண்ணீர் அசையாமல் நின்றிருக்கிறது என்று அர்த்தம். தங்கம் உருண்டு வர வேகமான தண்ணீர் வேண்டும். குளத்துச் சேற்றில் தங்கம் எப்படி வரும்? அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. அந்தத் துகள்களை லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆற்றில் உருண்ட பொன்னுக்கு ஓரம் மழுங்கியிருக்கும், இவற்றின் ஓரம் கூராக இருந்தது. அன்றைக்கே கண்ணில் பட்டது. பட்டும் படாத மாதிரி இருந்துவிட்டேன், வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல.

சனிக்கிழமை காலை சென்ட்ரலில் பாசஞ்சர் வண்டி. மூன்றாம் வகுப்பு, பதினாலு அணா. ஏறக்குறைய முப்பது மைல், ஒன்றே முக்கால் மணி நேரம். ஸ்டேஷன் வாசலில் இட்லி, காப்பி இரண்டும் சேர்த்து நாலணா, எனக்கு இறங்கவில்லை. ஜட்கா வண்டிக்காரர் காதர் பாய் மார்கழியிலும் என்னை ஏற்றிப்போனவர். நாலு மைலுக்கு முக்கால் ரூபாய்.

"இன்னா சார், நீயே வந்துக்கீற? திங்கக்கெழம தானே ஊடு பிரிக்கிறாங்கன்னு சொல்லிக்கினாங்க," என்றார்.

"வேற வேலையா வந்தேன் பாய்."

"இன்னா வேலையோ. அதுங்க எல்லாம் எங்க போவும் சார்? நாப்பது ஊடு. மெட்ராஸ் போனா பாலத்துக்குக் கீய தான்." அதன் பிறகு வழி நெடுகக் குதிரையோடு மட்டும்தான் பேசினார்.

ஜட்கா நிற்கும் இடத்திலிருந்து வரப்பு மேல் இரண்டரை மைல் நடை. நிழல் கிடையாது. குடிசைகளுக்குப் போனபோது மணி பன்னிரண்டு. பாதிப் பேர் ஓலையைக் கட்டவிழ்க்க ஆரம்பித்திருந்தார்கள். நாகம்மாவைத் தேடிப் போனேன். மார்கழியில் எங்களுக்கு மண் அலசியவள் அவள்தான். நாற்பது வயதிருக்கும். ஊரில் வேலை இல்லாத நாட்களில் புருஷனோடு சென்னைக்குப் போய், ஆசாரிகள் தெருவில் பட்டறைக் குப்பையை வாங்கி அலசிப் பொடித் தங்கம் எடுப்பது பிழைப்பு. அவள் குடிசையும் அந்த நாற்பதில் ஒன்று. என்னைப் பார்த்ததும் திட்டுவாள் என்று நினைத்தேன். மார்கழியில் தினமும் செய்தது போலவே சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பதினோராம் குழியை இன்னொரு தடவை அலசணும் நாகம்மா," என்றேன்.

மரவையை எடுத்துக்கொண்டு வந்தாள். தண்ணீரில் வைக்கும் முன் மார்கழியில் செய்தது போலவே திரும்பி நின்று, முந்தானை முடிச்சைத் தொட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டாள். மார்கழியில் அந்த நேரம் நான் மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சாமி கும்பிடுகிறவளை வெறித்துப் பார்ப்பது அழகில்லை என்று எனக்கு நினைப்பு. அன்று பார்த்தேன். முடிச்சிலிருந்து ஒரு சின்ன டப்பி வந்தது. அதில் விரல் நுனியை ஒற்றி, மரவையின் நடுவில் வைத்து அழுத்தினாள்.

"அது என்ன?"

"பொன்னு சார். பட்டறைப் பொடி."

"எதுக்கு?"

"வெறும் மரவைய தண்ணியில வெப்பாங்களா?" என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அலசி முடிச்சிட்டு எங்குளுத நாங்க எடுத்துக்குவோம். எங்க மாமனாரு ஒரு தபா அவசரத்துல வெறும் மரவைய வெச்சாரு. அன்னிக்கே ஆத்தோட பூட்டாரு."

அரிசிப் பானையைத் துடைத்தெடுக்காமல் நாலு அரிசி விட்டு வைப்போம் இல்லையா, அது போலத்தான். ஆனால் மார்கழியில் அவளுடையதை அவள் எடுத்துக்கொள்ள நான் விடவில்லை. மரவையின் அடியில் மின்னியதையெல்லாம் காகிதத்தில் மடித்து நான் கொண்டுபோய்விட்டேன், முப்பத்தொரு தடவை.

"இதை ஏம்மா அன்னிக்கே சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லியே சார்."

அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். உன் பொன்னைப் பார்த்துத்தான் உன் குடிசையைப் பிரிக்கிறார்கள் என்று ஒருத்தியிடம் சொல்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் டப்பியை மூடி முடிச்சில் போட்டுக்கொண்டாள். பொன் வைக்காமல் ஒரே ஒரு தடவை அலசிக் காட்டு என்று கெஞ்சினேன். முடியாது என்றாள். என்ன சொல்லியும் மசியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க நானே அலசினேன். ஏழு குழி. கருமணல், கூழாங்கல், ஒரு சிப்பி. தங்கம் இல்லை. மதியம் சரளை அடுக்கைப் பார்க்கப் போனேன். மேற்கே ஓடைக்கரையில் அது வெளியே தெரிகிறது, ஐந்து பாகை கிழக்கே சாய்கிறது. அந்தச் சாய்வுக்கு, இருநூற்று முப்பது அடி தள்ளியிருக்கும் குடிசைக் கிணற்றில் இருபது அடி ஆழத்தில் சரளை தட்ட வேண்டும். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினேன். முப்பத்திரண்டு அடி, அடியில் முழங்கால் தண்ணீர். மேலிருந்து கீழ்வரை இலைக் களிமண்தான். ஏறி வந்து ஓடையோடு திரும்ப நடந்தபோது காரணம் கிடைத்தது. ஓர் இடத்தில் சரளை சட்டென்று முடிகிறது, கத்தியால் அரிந்த மாதிரி. அந்தப் பக்கம் களிமண். இரண்டும் உரசிய முகம் வழவழப்பாக, கோடு கோடாக இருந்தது. நிலம் பிளந்து கிழக்குப் பக்கம் கீழே இறங்கியிருக்கிறது. குடிசைகளுக்கு அடியில் போகிறது என்று நான் வரைந்த சரளை, வெட்டி எடுக்க முடியாத ஆழத்துக்குப் போய்விட்டது. அந்த இடத்தை மார்கழியில் இரண்டு தடவை செருப்புக் காலோடு தாண்டியிருக்கிறேன்.

திங்கள் காலை பத்து மணிக்கு முதலாளியின் ஜீப் வந்தது. பின்னால் ஒரு லாரியில் கடப்பாரையோடு பதினைந்து ஆட்கள். நான் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். பிளவு, கிணறு, இலை, நாகம்மா வைத்த பொடி எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

"ஏழு குழி அலசினேன் சார், ஒண்ணுலயும் இல்லை."

"உமக்கு மண்ணு அலசத் தெரியாதுய்யா," என்றார். "பொன்னைத் தண்ணியோட விட்டிருப்பீர். அந்த அம்மாவைக் கூப்பிடும். அவ கையால அலசி என் கண் முன்னாடி இல்லைன்னா, நான் போயிடறேன்."

நாகம்மாவைக் கூப்பிட்டார்கள். மரவையோடு தண்ணீர் ஓரத்தில் வந்து நின்றாள். கை முந்தானை முடிச்சுக்குப் போய்ப் பாதியில் நின்றது. கூட்டத்தில் யாரோ, "நாகம்மா, ஊடு போவுதுடி," என்றார்கள். ஒரு ஆள் கடப்பாரையை முதல் குடிசைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு பீடி பற்றவைத்தான்.

நாகம்மா சட்டென்று மணலில் உட்கார்ந்தாள். வலது காலை இழுத்து, இரண்டாவது விரலில் இருந்த வெள்ளி மெட்டியைத் திருகினாள். வரவில்லை. எச்சில் தொட்டுத் திருகினாள். கூட்டத்துப் பெண்களிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. புருஷன் உயிரோடு இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவது சாதாரணக் காரியம் இல்லை. அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அந்த மனிதர் நாலு முழத் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லத் தலையசைத்தார்.

மெட்டியை மரவையின் நடுவில் வைத்தாள். "வெறும் மரவை இல்ல," என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னாள். "இது வெள்ளி. நல்லாப் பாத்துக்க. இத்தத் தவிர ஒண்ணு மின்னிச்சுன்னா ஊட்டை இடிச்சுக்க."

எந்தக் குழி என்று முதலாளிதான் தேர்ந்தெடுத்தார். பதினொன்று, நாலு, இருபத்தேழு, கடைசியாகக் குடிசைகளுக்குப் பக்கத்தில் இருந்த முப்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். மண் கரைந்து, கல் ஒதுங்கி, கருமணல் மட்டும் மிஞ்சும்போது நானும் குனிந்து பார்த்தேன். என் கணக்கு தப்பாக இருந்தால்? ஒரே ஒரு பொடி, நிஜமாகவே மண்ணில் இருந்தால்? நாலு தடவையும் கருமணலில் மெட்டி மட்டும் கிடந்தது. முதலாளி என் லென்ஸைப் பிடுங்கி, குந்தி உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் மணலைக் கிளறினார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஆட்களை லாரியில் ஏறச் சொன்னார். நாளையிலிருந்து ஆபீசுக்கு வரவேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப்பில் எனக்கு இடம் கேட்கிற தைரியம் வரவில்லை.

நாகம்மாவின் புருஷன் தண்ணீரில் மெட்டியைக் கழுவி, குனிந்து அவள் விரலில் மாட்டிவிட்டார். பழக்க தோஷத்தில் முகத்தைத் திருப்பப் போனேன். திருப்பவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன்.

சரி, தம்பி கேட்டதற்கு வருகிறேன். இன்றைக்குக் கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயில் இருக்கிறது. முதல் வண்டியில் போங்கள், வெயில் ஏறும் முன் திரும்பிவிடலாம். மேற்கே பாதித் தூரம் தொழிற்சாலைச் சுவர்தான், அதைத் தாண்டினால் வயல். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, நல்ல செருப்பு. கிணற்றில் இறங்காதீர்கள். நான் இறங்கியது முட்டாள்தனம், கயிற்றைப் பிடித்தவர்கள் அன்றைக்கு என்மேல் எவ்வளவு கோபத்தில் இருந்தார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. இலைக் கல் கிடைத்தால் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். தங்கம் கிடைக்காது. அங்கே யாராவது உங்களுக்குப் புரியாத ஒன்றைச் செய்தால், ஏன் என்று கேட்டுவிடுங்கள். தப்பாக நினைப்பார்களோ என்று நான் கேட்காமல் விட்டேன். அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்திருந்தார்கள் என்பதோ, திங்கட்கிழமை கிளம்பும்போதுதான் தெரிந்தது.

நாகம்மா மறுபடியும் மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "உங்க பொன்னுன்னு எனக்குத் தெரியாதும்மா," என்றேன்.

"அப்டியா நைனா?" என்றாள், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. "நீ தெரிஞ்சேதான் எடுத்துக்கினு போறேன்னு நெனச்சிக்கினோம். படிச்ச புள்ள, இம்மாத்தூண்டு பொன்னைத் திருடிக்கினு போவுதே, ஊட்டுல இன்னா கஷ்டமோன்னு தான் தெனம் மோரு குடுத்தேன்."