அப்பா தூக்கிய வீடு

தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் சுற்றுச்சூழல் சமூகவியல் படிக்கச் சேர்ந்தபோது, அது மரம் நடும் படிப்பு என்று அப்பா நினைத்திருந்தார். பொய் சொல்வானேன், முதல் மாதம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வருடம்தான் முடிச்சூரிலிருந்த எங்கள் வீட்டை அப்பா அடியில் ஜாக்கிகள் வைத்து அப்படியே மேலே தூக்கினார். ரோடு மேல் ரோடு போட்டுத் தெரு உயர்ந்ததில் எங்கள் வீடு பள்ளத்தில் கிடந்தது. அப்பா மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருந்தவர். ஜாக்கி என்றாலே தனித் தெம்பு. வீடு இடுப்பளவு உயர்ந்ததும் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு பக்கத்திலிருந்த எங்கள் காலி இடத்தையும் உயர்த்திவிடலாம் என்று மண் லாரிக்குச் சொல்லி வைத்தார்.

அப்போது வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். மழை பெய்யும்போது உங்கள் தெருத் தண்ணீரின் பின்னாலேயே நடந்து, அது யார் வாசலிலிருந்து யார் வாசலுக்குப் போகிறது என்று வரைந்து வாருங்கள் என்றார்கள். குடையோடு பைத்தியம் மாதிரி நடந்தேன். தண்ணீர் பக்கத்து வீட்டு அக்காவின் படியைத் தொட்டுவிட்டு, எங்கள் காலி இடம் வழியாகத்தான் பின்னாலுள்ள கால்வாய்க்குப் போனது. அக்கா கூடத்தில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள். எங்கள் இடத்தை மேடாக்கினால் தண்ணீர் அவளுடைய கூடத்துக்குள் போய் நிற்கும்.

வரைந்ததை அப்பாவிடம் காட்டினேன்.

"அவங்களும் வூட்டைத் தூக்கிக்கட்டும்."

"எதை வச்சுப்பா தூக்குவாங்க?"

முறைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் போனில் கத்துவது கேட்டது. "மண்ணு வேணாம்னா வேணாம்ப்பா, இன்னா பேஜார் பண்ற!" எனக்கு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. காலி இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடி, அங்கே நிறுத்தியிருந்த அப்பாவின் ஸ்கூட்டர் பாதி மூழ்கியது. "உன் காலேஜ் பீஸும் நானே கட்டணும், தண்ணியும் நானே வாங்கிக்கணுமா?" என்று என்னைப் பிடிபிடியென்று பிடித்தார்.

அந்த நேரம் பார்த்து அக்கா தன் படியில் வந்து நின்றாள். "தண்ணி உள்ள வரலண்ணா! உங்க எடத்துல பூந்து போயிடுச்சு. உங்களுக்குத்தான் கஷ்டம்."

"அத்த வுடும்மா" என்றார் அப்பா. உள்ளே வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்:

"மண்ணு அடிக்கப் பார்த்தேன்னு அவகிட்ட சொல்லிடாதம்மா."