நான் கொடுத்த உள்ளூர் விஷயம்

என் நண்பன் என்னை நம்பிச் செய்த ஒரு காரியத்தை, மேடையில் சொல்லிச் சிரிக்க வைப்பதற்காக ஒரு நாடகக்காரரிடம் எடுத்துக் கொடுத்தேன். அதற்கான பழி எங்கள் அலுவலக வாட்ச்மேன் மேல் விழுந்தபோது வாயைத் திறக்கவில்லை. இரண்டில் எது பெரிய தவறு என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதலாவதை ஒரு சாயங்காலத்தில் செய்தேன். இரண்டாவதைப் பல வருடங்கள், அலுவலகம் போன ஒவ்வொரு நாளும் செய்தேன்.

சிரிக்கிறவர்களைப் பார்ப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பெங்களூரில் அல்சூர் பக்கமும் பிரேசர் டவுன் பக்கமும் நடந்த நகைச்சுவை நாடகங்கள், மிமிக்ரி, பட்டிமன்றம் எதையும் விட்டதில்லை. ஆனால் மேடையைப் பார்த்ததைவிட ஜனங்களைப் பார்த்ததுதான் அதிகம். எப்போதும் ஓரத்து நாற்காலியில், உடம்பைக் கொஞ்சம் திருப்பி உட்காருவேன். மேலதிகாரியோடு வந்தவர் அவர் சிரித்த பிறகுதான் சிரிப்பார். புதிதாகக் கல்யாணமானவர்கள் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். தனியாக வந்தவர் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்வார். மூன்று நிமிஷம் முன்புவரை ஒருவரை ஒருவர் தெரியாத முந்நூறு பேர் எப்படி ஒரே நொடியில் வாயைத் திறக்கிறார்கள்? அது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சென்னையிலிருந்து வரும் குழுக்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. திரை தூக்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் முக்கிய நடிகர், ஏற்பாடு செய்தவர்களில் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, "உள்ளூர் விஷயம் ஏதாவது குடுங்க சார்" என்பார். எந்த பஸ்ஸில் கூட்டம், எந்த ஓட்டலில் சாம்பார் இனிக்கும், இதெல்லாம் சொன்னால் போதும். எழுதி வைத்த வசனத்துக்கு நடுவில் அதைச் செருகுவார். ஜனங்களுக்கு அந்த இடத்தில்தான் சிரிப்பு அதிகம். ஒரு வருடம் ஏற்பாடு செய்தவர்களில் நானும் இருந்தேன், விஷயம் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. பஸ்ஸையும் சாம்பாரையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "இதெல்லாம் போன தடவையே சொல்லிட்டாங்களே" என்றார்.

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன்.

என் நண்பன் எங்கள் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க். பெண் பார்க்கப் போன இடத்தில் தரகர் மானேஜர் என்று சொல்லிவிட்டார், இவனும் மறுக்கவில்லை. கல்யாணமான அடுத்த வருடம் ஆம்பூரிலிருந்து மாமனார் வந்து, மாப்பிள்ளையின் ஆபீஸைப் பார்க்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனைக் கெஞ்சிக் கதவைத் திறக்க வைத்தோம். நண்பன் மானேஜர் நாற்காலியில் துண்டை விரித்து உட்கார்ந்தான். எங்கள் மானேஜர் பச்சை மையில்தான் கையெழுத்துப் போடுவார் என்பதால் அதற்கென்றே ஒரு பச்சைப் பேனா வாங்கியிருந்தான். நான் பழைய ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு போய், "சார், சைன் வேணும்" என்று நின்றேன். வாட்ச்மேன் காபி கொண்டுவந்து வைத்தார். மாமனார் நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்தார். அந்தப் பச்சைக் கையெழுத்தை அப்பா ஆம்பூரில் சொல்லாத ஆளில்லை என்று நண்பனின் மனைவியே பெருமையாகச் சொல்வாள். அவளுக்கும் உண்மை தெரியாது. ராப்பகலாக யோசித்தும் சொல்ல தைரியம் வரவில்லை என்று அவன் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

பெயர் சொல்லவில்லையே, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். என் வாயிலிருந்து போன ஒன்று முந்நூறு பேரின் சிரிப்பாகத் திரும்பி வருமா என்று பார்க்க ஆசை.

வந்தது. நடிகர் துண்டை விரித்தார், மாமாவுக்கு ஸ்ட்ராங்காக ஒரு காபி என்றார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "பச்சை மை, மாமா" என்று செய்தித்தாளில் மூன்று கையெழுத்துப் போட்டார். அரங்கமே அதிர்ந்தது. மூன்றாவது வரிசையில் நண்பனின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பேனா வெளியே வந்ததும் சிரிப்பு நின்றது. தலையைத் திருப்பிப் பக்கத்தில் இருந்த கணவனின் சட்டைப் பையைப் பார்த்தாள். மாமனாருக்காக வாங்கிய பச்சைப் பேனா அங்கே குத்தியிருந்தது. சுற்றிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓரத்து நாற்காலியிலிருந்து இதை முழுதாகப் பார்த்தேன்.

மறுநாள் நண்பன் ஆபீஸ் கேட்டில் வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டான். விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். என்னை அவன் சந்தேகப்படவே இல்லை. கோள் மூட்டி என்று எல்லோர் முன்னாலும் திட்டினான். வாட்ச்மேன் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். மத்தியானம் என் மேஜைக்கு வந்து, "நீங்களாச்சும் சொல்லுங்க சார், நான் அப்படிப்பட்ட ஆளா?" என்றார். பார்க்கலாம் என்றேன். ஒரு மாதம் அவமானத்தைத் தாங்கிப் பார்த்துவிட்டு, ஊருக்கு வெளியே பொம்மசந்திரா கோடவுனுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். தினமும் இரண்டு பஸ் மாறிப் போனார். நண்பன் அதன் பிறகு எந்த நிகழ்ச்சிக்கும் வரவில்லை. வீட்டில் மனைவி பேசுவதில்லை என்று என்னிடம்தான் வந்து அழுதான். நானும் ஆறுதல் சொன்னேன். ரிட்டயரான பிறகு அவனைப் பார்ப்பதை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டேன்.

போன வருடம் என் மகள் என்னைக் கோரமங்களாவில் ஒரு காபிக் கடை மாடிக்கு அழைத்துப் போனாள். தமிழில் ஸ்டாண்ட்-அப் காமெடி. ஒரு ஸ்டூல், ஒரு மைக், ஒரு தண்ணீர் பாட்டில். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் அறுபது பேர். நடிகர், வேஷம், திரை எதுவும் இல்லாமல் ஒருவன் நின்றுகொண்டு தன் ரூம்மேட்டின் காதல் தோல்வியைச் சொல்கிறான். அந்த ரூம்மேட்டே முன் வரிசையில் விழுந்து விழுந்து சிரிக்கிறான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. முடிந்ததும் மைக் பிடித்த பையனிடமே போய், ரூம்மேட்டுக்குக் கோபம் வராதா என்று கேட்டேன்.

"கேட்டுட்டுத்தான் அங்கிள் சொல்வேன். கேக்காம சொன்னா நான் எங்க போய்ப் படுக்கறது?"

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். அடுத்த வாரமே ரிச்சர்ட்ஸ் டவுனில் நண்பன் வீட்டுக்குப் போனேன்.

இருவரும் ஹாலில் இருந்தார்கள். சுற்றி வளைக்காமல், நாடகக்காரரிடம் சொன்னது நான்தான் என்றேன். நண்பன் டிவி ரிமோட்டைக் கையில் திருப்பிக்கொண்டே பேசினான்.

"வாட்ச்மேன் போய் ஆறு வருஷம் ஆச்சு. சாவுக்குக்கூட நான் போகலடா."

அவர் இறந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை இனி யாரிடம் கேட்பது?

அவன் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "இவர் கிளார்க்குன்றது எனக்கு ஒரு பொருட்டே இல்லண்ணா. எங்கிட்ட சொல்லாததை உங்ககிட்ட சொன்னாரே, அதான். அதைவிட, அன்னிக்கு நானும் சேர்ந்து இவரைப் பாத்து சிரிச்சிட்டேன். தெரியாமதான். ஆனா சிரிச்சிட்டேனே."

நண்பன் என்னைக் கிளம்பச் சொன்னான். காபி கூடக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் குடித்திருக்க முடியாது.

வாட்ச்மேனின் மகன் டேனரி ரோட்டில் டெய்லர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு அங்கும் போனேன். நான் சொன்னதைக் கத்தரியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டார். அப்பா பொம்மசந்திராவுக்கு ஏன் போனார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது என்றார். மறுபடி துணியை வெட்டத் தொடங்கினார்.

இரண்டு மாதம் கழித்து நண்பன் போன் செய்தான். "நீ இன்னும் அந்த காமெடிக்கெல்லாம் போறியா? எங்களையும் கூட்டிட்டுப் போ. ஆனா எம் பக்கத்துல உக்காராத."

அதே மாடி, சனிக்கிழமை சாயங்காலம். அவன் மனைவி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். முன் வரிசைதான் கிடைத்தது. மைக் பிடித்த பெண் ஜனங்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தவள், நண்பனிடம் நின்றாள். "அங்கிள், உங்களைப் பாத்தாலே பெரிய மானேஜரா இருந்த மாதிரி இருக்கே?"

அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. கிளார்க். டெஸ்பாட்ச்."

பிள்ளைகள் லேசாகச் சிரித்தார்கள். அந்தப் பெண் என்னைக் காட்டி, அப்போ இந்த அங்கிள் யார் என்று கேட்டாள். நண்பனின் மனைவிதான் பதில் சொன்னாள்.

"இவர் ஃபைல் தூக்கிட்டு வந்தவரு."

யாருக்கும் புரியவில்லை. அந்தப் பெண்ணும் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். நண்பன் மட்டும் சிரித்தான். தலையைக் குனிந்து, தோள் குலுங்க, என் பக்கம் திரும்பாமலேயே. அவளும் சிரித்தாளா என்று பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. நான் மேடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.