கியூபாக்காரியின் பாட்டுக்கு மிருதங்கம்

அந்தச் சனிக்கிழமை காலை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிருதங்கத்தை உறையிலிருந்து மூன்று தரம் எடுத்தேன், மூன்று தரம் உள்ளே வைத்தேன். ரவை போட்ட பேணியை வைத்துவிட்டேனா என்று பையைக் கிளறிக்கொண்டே இருந்தேன். இடந்தலையில் ரவையைக் குழைத்து ஒட்டினால்தான் மிருதங்கத்துக்கு அடித்தொண்டை வரும். என் கணவர் கார்ச்சாவியோடு வாசலில் நின்று பார்த்தார். வாயைத் திறந்திருந்தால் சண்டைதான்.

அதே சனிக்கிழமை எஸ்பியர்க்கில் ஒரு பிள்ளையின் நடன அரங்கேற்றம். இருபது வருடமாக அந்த நடன ரீச்சரின் அரங்கேற்றங்களுக்கெல்லாம் நான்தான் மிருதங்கம். டென்மார்க்கில் எனக்கென்று இருந்த ஒரே மேடை அது. அதற்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, இங்கே சில்க்போர்க்கில் ஒரு கியூபாக்காரியின் பாட்டுக்கு வாசிக்கப் போகிறேன். ரீச்சர் தொலைபேசியில் கத்தவில்லை. "சரி, நீர் உம்மடை விருப்பத்தைப் பாரும்" என்று மட்டும் சொன்னார். கத்தியிருக்கலாம். இது சரிவராவிட்டால் திரும்பிப் போக எனக்கு இடமில்லை என்பது அந்தக் குரலிலேயே விளங்கிவிட்டது.

கியூபாக்காரி என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். கட்டில் விரிப்பை மடிக்கும்போதுகூட ஸ்பானிஷில் ராப் சொல்லிக்கொண்டே மடிப்பாள். ஒருநாள் மதியம் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள், இரண்டு கரண்டிகளால் அதன் கம்பியில் ஐந்து தட்டுத் தட்டினாள். பிறகும் அதே ஐந்து. அவளுடைய ஊரில் பழைய நடனப் பாட்டிலிருந்து இப்போது பிள்ளைகள் சொல்லும் ராப் வரை முக்கால்வாசி அந்த ஐந்து தட்டின் மேல்தான் நிற்கிறதாம். என் வாய் சும்மா இருக்குமா? தகிட தகிட தகதிமி தக தகதிமி என்று சொல்லிக் காட்டினேன். மொத்தம் பதினாறு. நம்முடைய ஆதிதாளத்தின் ஒரு சுற்றுக்குள் பிசகாமல் வந்து உட்கார்ந்தது. அவள் கரண்டிகளைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். சூப் ஆறிப்போய், இரண்டு பேரும் ஏச்சு வாங்கினோம்.

அடுத்த கிழமையே அவளுடைய குழுவின் ஒத்திகைக்குப் போனேன். ஜாஸ் வாசிக்கும் ஒரு பியானோக்காரன், ஒரு கொங்கா மேளக்காரன், அந்த ஐந்து தட்டுக்கு இரண்டு மரக்குச்சிகளோடு ஒரு டேனிஷ் பெண், முன்னால் இவளுடைய ராப்.

வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது. என்னைத் தனியாக வாசிக்க விட்டால் கடைசியில் தீர்மானம் வைப்பேன். ஒரே சொற்கட்டை மூன்று தரம் வாசித்து, தாளம் தொடங்கும் இடத்தில் 'தோம்' என்று இறங்கிக் கையைத் தூக்குவது. நம்முடைய சபை அங்கே கை தட்டும். இவர்களோ நிற்பதே இல்லை. நான் இறங்கிக் கையைத் தூக்கினால் அவர்கள் தங்கள்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஏன் நிறுத்தினாய் என்று அவள் கேட்டாள். முடிந்துவிட்டது, அதுதான் என்றேன். முடிந்தது என்று யார் சொன்னது என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீ பிறக்க முதலே தீர்மானம் வைத்தவள் நான் என்று தமிழில் முணுமுணுத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து தலையணையில் வாசித்துப் பார்த்தால், எத்தனை தரம் வாசித்தாலும் கை தானாகவே 'தோம்' என்று இறங்கியது.

ஏரிக்கரை மண்டபத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு நிகழ்ச்சி. தமிழர் என்று பார்த்தால் என் கணவர் ஒருவர்தான். மேடையில் எல்லோரும் நிற்க, நான் மட்டும் ஒரு பலகையில் சம்மணம் கட்டி இருந்தேன். அவள் ராப்பை முடித்து ஒதுங்கினாள். என்னுடைய முறை. விரல்கள் பறந்தன. ஐயோ, என்ன சந்தோசம். அந்தச் சந்தோசத்திலேயே கை பழைய இடத்துக்குப் போய்விட்டது. வேண்டாம், வேண்டாம் என்று மனம் சொல்லச் சொல்ல ஒன்று, இரண்டு, மூன்று, தோம். கை மேலே நின்றது.

மண்டபத்தில் ஒரே ஒருவர் கை தட்டினார். என் கணவர். இருபது வருடம் அரங்கேற்றங்களில் முன்வரிசையில் இருந்து தட்டிய கை, கணக்குச் சரியாக விழுந்தால் தட்டாமல் இராது. பக்கத்தில் இருந்த பெண்மணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கைகளைத் தொடைக்கடியில் ஒளித்தார். இரண்டு பேருடைய மானமும் ஒன்றாகக் கப்பலேறியது.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் அவளைப் பார்த்தேன், கண்ணை மூடியிருந்தாள். பியானோக்காரனைப் பார்த்தேன், குனிந்திருந்தான். நம்முடைய மேடையில் நின்றுபோனால் யாராவது தலையாட்டி உள்ளே எடுப்பார்கள். ரீச்சரின் தட்டுக்கழியைப் பார்த்துத்தான் இவ்வளவு காலமும் என் கை எழுந்தது. இங்கே தலையாட்ட ஆளில்லை. ஒரு சுற்றுப் போனது, இரண்டு போனது. எஸ்பியர்க்கில் இந்நேரம் என்னுடைய இடத்தில் வேறு யாரோ. இங்கேயும் நான் வெறுங்கையோடு இருக்கிறேன். பயம் போய் எரிச்சல் வந்தது. யாருடைய மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று என்னையே ஏசினேன். ஏசிய வேகத்தில், சுற்றின் நடுவில், குச்சியின் நாலாவது தட்டில் கையைப் போட்டேன். என் வாழ்நாளில் நான் தொடங்கியிராத இடம் அது. கொங்காக்காரன் பல்லைக் காட்டினான். அதன்பிறகு கை இறங்கப் பார்த்தபோதெல்லாம் பாதியில் வேறு சொல்லுக்குத் தாவினேன். கடைசியில் குழு முழுக்க நின்றுவிட்டது; நான் மட்டும் தனியாக இன்னும் ஒரு சுற்று வாசித்துக்கொண்டிருந்தேன். சனம் சிரித்தது, பிறகு தட்டியது. கணவர் தட்டவில்லை.

காரில் ஏறியதும் ஏன் தட்டவில்லை என்று கேட்டேன்.

"ஒருக்காத் தட்டி வெக்கப்பட்டது காணும். பிறகு நீர் முடிச்சீரோ இல்லையோ எண்டே எனக்கு விளங்கேல்லை" என்றார்.

அதன்பிறகுதான் மெல்லச் சொன்னார். எஸ்பியர்க்கிலிருந்து செய்தி வந்ததாம். வாசிக்க வந்தவர் நன்றாக வாசித்தாராம், இனி ரீச்சருக்கு அவர்தானாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபது வருடம். ஏரியைப் பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்தினேன். அவர் காரை எடுக்காமல் காத்திருந்தார்.

"அடுத்த ஒத்திகை எப்ப?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை, ஐந்து மணிக்கு என்றேன்.

"நான் கொண்டுவந்து விடுறன். எத்தினை மணிக்கு முடியும்?"

"தெரியாதப்பா" என்றேன்.